ஈரலுக்கு இருந்த பத்தியம்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ‘நார்மல்’ என்பது மூன்று பேரின் ரத்தம். பெரிய ஊர்களில் அளவு குறித்த சீரத்தைச் சின்னப் புட்டிகளில் வாங்கி வைத்துக்கொண்டு, அன்றாடம் அதைச் சோதித்துத் தங்கள் வேலை சரியா என்று பார்த்துக்கொள்வார்கள் எனப் படிப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். திண்டிவனத்துக்கு அந்தப் புட்டி வந்ததில்லை. அதனால் திங்கட்கிழமை காலையில் நாங்களே கையை நீட்டுவோம். நான், பதிவேடு எழுதுகிற அண்ணன், கண்ணாடிக் குழாய்களைக் கழுவுகிற பெரியம்மா. ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். எங்கள் மூவருடையதையும் தனித்தனியாகச் சோதிப்பேன். மூன்றும் எதிர்பார்த்த அளவில் வந்தால் அந்த வாரத்துக்குக் கரைசல்கள் நம்பத்தக்கவை என்று பொருள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதத் திங்களன்று மூன்றில் ஒன்று சரியாக வரவில்லை.

அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியை அளக்கும் சோதனை அது. சீரத்தோடு கரைசலைக் கலந்து வெந்நீர்த் தொட்டியில் வைத்தால், கடைசியில் சிவப்பு நிறம் வரும். நொதி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சிவப்பு. எங்கள் முறையில் பதிமூன்று வரை சரி. எனக்கு ஏழு, அண்ணனுக்கு எட்டு, பெரியம்மாவுக்கு முப்பத்தொன்று.

எதையும் வரிசை போட்டு எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் எழுதினேன். ஒன்று, குழாய் சரியாகக் கழுவப்படவில்லை. இரண்டு, சீரம் நேற்றே எடுத்ததாக இருக்கலாம். இல்லை, இன்று காலை எடுத்தது. மூன்று, மின்சாரம். மின்சாரம் குறைந்தால் தொட்டி ஆறும், அளவு இறங்கும், ஏறாது. நான்கு, என் கை. நான்கையும் சரிசெய்து மறுபடி செய்தேன். முப்பது. அடுத்த திங்கள் முப்பத்திரண்டு. அதற்கடுத்த திங்கள் பெரியம்மாவின் கையில் ஊசி போடுவதை நிறுத்திவிட்டேன். நார்மலுக்கு இரண்டு பேர் போதும் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த வரிசையில் ‘ஐந்து, பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று நான் எழுதவேயில்லை.

நான் விழுப்புரத்தில் பஸ் ஏறுவேன். பெரியம்மா வழியில் கூட்டேரிப்பட்டில் ஏறுவார். அறுபதை ஒட்டிய வயது. மகள் வீட்டில் இருந்தார். எனக்குப் பக்கத்தில் அவருக்காகப் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். பஸ் படியில் அவர் நேராகக் காலை எடுத்து வைக்க மாட்டார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொடையைத் தூக்கிப் படிமேல் வைப்பார். கண்டக்டர் தினமும் ஏதாவது சொல்வார்.

“ஜல்தி ஏறு பெரிம்மா. ஒரு காலு கூட்டேரிப்பட்டுல, ஒரு காலு திண்டிவனத்துல வச்சா பஸ்ஸு எப்படி நவுர்றது?”

“ஒன் படிய கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டச் சொல்லு ஒங்க மொதலாளிய. எவனோ ஒட்டகத்துக்குக் கட்டுன பஸ்ஸு.”

பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். வாத்து போல இரு பக்கமும் சாய்ந்து நடப்பார். கீழே உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழுவார். இடுப்பு வலி என்று வேப்பெண்ணெய் தடவுவார். இதையெல்லாம் ஒரு வருடமாகத் தினமும் பார்த்தேன். வயசு என்று நினைத்தேன்.

நான்காவது திங்கள், பின்னறையில் குழாய்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டே அவர் கேட்டார்.

“இன்னா பாப்பா, ரெண்டு வாரமா என்ன ஊசி குத்தக் காணோம். என் ரத்தம் கசந்துடுச்சா?”

“இல்ல பெரியம்மா. ஒன்னு மட்டும் கொஞ்சம் கூட இருக்கு.”

“எது?”

அச்சடித்த எங்கள் படிவத்தில் அந்தச் சோதனை ‘ஈரல் செயல்பாடு’ என்ற தலைப்பின் கீழ் நான்காவது வரி. பல மாதங்களாக அந்தக் கட்டத்தில்தான் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். வாயில் அதுவே வந்தது.

“ஈரல் சம்பந்தப்பட்டது.”

கையிலிருந்த குழாயை அவர் தண்ணீரில் விட்டுவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் சாராயம் குடித்து, வயிறு வீங்கி, ஈரல் கெட்டு இறந்தவர். அது எனக்கு முன்பே தெரியும்.

“நான் என்னா அவனோட சேர்ந்தா குடிச்சேன்? எனக்கு எப்படி ஈரலு போவும்?”

“போச்சுன்னு சொல்லலை. கூட இருக்குன்னுதான்...”

“ஐயாவாண்ட சொல்லிடாத. வேலைய விட்டு நின்னுக்கோன்னு சொல்லிடுவாரு. எங்க தெருவுல தெரிஞ்சா, புருசன்காரன் ஊத்திக் குடுத்திருப்பான்னு பேசுவாளுங்க.”

ஐயா என்றது எங்கள் கூடத்தின் டாக்டரை. சொல்லவில்லை. ஈரலைப் பார்க்கும் இன்னொரு சோதனை, எஸ்.ஜி.பி.டி., அதையும் உடனே செய்திருக்கலாம். அதற்கான கரைசலை வியாழக்கிழமை மட்டும், நாலைந்து பேருக்குச் சேர்த்துத்தான் கலப்போம். ஒருவருக்காகக் கலப்பதில்லை. வியாழன் வரட்டும் என்றேன். புதன்கிழமை அவர் பஸ்ஸில் ஏறவில்லை.

வியாழனும் இல்லை. மகள் மூலம் சேதி வந்தது, ஒரு மண்டலம் லீவு வேண்டும் என்று. மயிலம் பக்கம் ஒரு கிராமத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கிறவரிடம் போயிருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் அரைத்த பச்சிலை உருண்டை. நாற்பத்தெட்டு நாள் பத்தியம். உப்பு, எண்ணெய், புளி இல்லை. கருவாடு, முட்டை, பால் இல்லை. மல்லாட்டை எனும் வேர்க்கடலையும் இல்லை. அவர் அன்றாடம் குடித்துவந்த கேப்பைக் கூழும் கூடாது. உப்பில்லாத அரிசிக் கஞ்சி மட்டும். வெயில் தலையில் படக்கூடாது, வேறு மருந்து உடம்பில் சேரக்கூடாது. ஊரில் விசாரித்தால் அந்தக் கை மருந்தில் காமாலை தீர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் மருந்து கொடுத்தது காமாலைக்கு. வந்தவர் காமாலை என்று சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லி அனுப்பியவள் நான்.

முப்பத்தாறாம் நாள் காலையில் பெரியம்மா பாயிலிருந்து எழுந்தபோது தலை சுற்றி விழுந்தார். உப்பில்லாத கஞ்சியில் யாருக்கும் தலை சுற்றும். ஆனால் விழுந்தது மண் தரையில், முழுதாக நிமிரும் முன்பே. அப்படி விழுந்ததற்கு ஒரு தொடை எலும்பு ஒடியக் கூடாது. ஒடிந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தார்கள். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சாயங்காலம் போனபோது வலது காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். பெரியம்மாவின் முகம் சுருங்கியிருந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, மகளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் யார், என்ன சொல்லியிருந்தேன் என்று மகள் சொன்னதும் என்னிடம் திரும்பினார்.

“ரத்தத்துல வேலை செய்யறீங்களா? நல்லது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஒன்னு பார்க்கணும்.”

“பார்த்திருக்கு சார். முப்பத்தொன்னு.”

“எப்போ?”

“ரெண்டு மாசத்துக்கு முன்னால.”

“எஸ்.ஜி.பி.டி.?”

“பார்க்கலை சார்.”

“அப்புறம் எதை வெச்சு ஈரல்னு சொன்னீங்க?”

படிவத்தில் அந்தத் தலைப்பின் கீழ் இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நொதி ஈரலிலும் உண்டு, எலும்பிலும் உண்டு. எலும்பு பலமிழந்து தன்னைக் கட்டிக்கொள்ளத் திணறும்போது ரத்தத்தில் அது ஏறும். இதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அவர் திட்டவில்லை. படத்தில் இடது தொடையைக் காட்டினார். ஒடியாத கால். எலும்பின் உள்விளிம்பில் நகத்தால் கீறியது போல ஒரு மங்கிய கோடு.

“இதுவும் போகத் தயாரா இருக்குது. எலும்புல சுண்ணாம்பு ஏறலை. பல வருஷத்து விஷயம், உங்க ரெண்டு மாசத்துல வந்தது இல்ல. ஆனா இப்போ சாப்பாடு, மாத்திரை, ஊசி, வெயில், நாலும் வேணும். இந்தக் காலும் ஒடிஞ்சா அவங்க எழுந்திருக்க மாட்டாங்க. மாத்திரையைத் துப்பறாங்க. ஊசிக்குக் கையக் குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லிப் பாருங்க.”

அவர் எழுதிக் கொடுத்ததை வரிசையாகப் பார்த்தேன். பால், முட்டை, கருவாடு, கேப்பை, காலை வெயில். அதில் இருந்தவை அத்தனையும் பத்தியத்தில் நீக்கியவை.

கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஈரல் என்று சொன்னது தப்பு, எலும்பில்தான் குறை, பத்தியத்தை இன்றே விட வேண்டும்.

மகள்தான் முதலில் பேசினாள். “பாதியில விட்டா நஞ்சு தலைக்கு ஏறிடும்னு சொல்லியிருக்காங்க. இன்னும் பன்னெண்டு நாளு இருக்குது. அதுக்கப்பறம் ஒங்க மாத்திரய துன்னட்டும்.”

“பன்னெண்டு நாள்ல அந்தக் காலும்...”

“இந்தக் காலு எப்படிப் போச்சு? நீ வாய வச்சிக்கினு சும்மா இருந்திருந்தா எங்கம்மா அவங்க பாட்டுக்கு பஸ்ஸு ஏறிக்கினு வேலைக்குப் போயிருப்பாங்க.”

பெரியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒரு தடவ ஈரலுன்னே. இப்ப எலும்புங்கறே. நாளைக்கு இன்னொரு பேரு சொல்லுவே. நான் எத நம்பி வாயத் தொறக்கறது பாப்பா?”

அவர் கேட்டது நியாயம். “ரத்தம் மட்டும் எடுத்துக்கட்டுமா?” என்றேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது புதன்கிழமை. நர்ஸிடம் ஊசி வாங்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா முட்டைக் குழம்பு ஊற்றினாள். எக்ஸ்ரேயில் பார்த்த அந்தக் கோடு எலும்புக்குள் நகர்ந்துகொண்டே போவது போல இருந்தது. இரண்டு வருடமாகப் பெரியம்மா கழுவிக் கொடுத்த குழாய்களை நினைத்தேன். எந்தச் சோதனைக்கு எந்த நிறம் என்று அவருக்குத் தெரியும். கழுவும்போதே சொல்வார்: “இன்னைக்கு ஒருத்தனுக்கு சக்கர மேல நிக்குது. பச்சயப் பாரு.” பெரும்பாலும் சரியாக இருக்கும். பேரும் எழுத்தும்தான் தெரியாது. நிறம் தெரியும்.

மறுநாள் வியாழன். கரைசலைக் கலக்கும் நாள். மூன்று குழாய்கள் வைத்தேன். ஒன்றில் பெரியம்மாவின் சீரம், ஒன்றில் என்னுடையது, மூன்றாவதில் அன்று வந்திருந்த, கண் மஞ்சளாக இருந்த ஒரு காமாலை நோயாளியுடையது. எஸ்.ஜி.பி.டி. கடைசியில் பழுப்பு நிறம் காட்டும். ஈரல் கெட்டிருந்தால் பழுப்பு கருக்கும். அளவெடுத்து எழுதிக்கொண்டேன். பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அரை நாள் கேட்டேன். அவர், “போயிட்டு வாம்மா. திங்கட்கிழமை இதப் பத்திப் பேசணும்” என்றார்.

குழாய்களுக்குப் பஞ்சு வைத்து, பிஸ்கட் டின்னில் நிற்க வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். நிறம் மெல்ல மெல்ல இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிட வேண்டும். கூட்டேரிப்பட்டில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே நின்று பத்து நிமிடம் போயிற்று. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா டின்னுல, பாம்புக் குட்டியா? அசையாம புடிச்சிக்கினு வர்றே?”

“நம்ம பெரியம்மாவோட ரத்தம்.”

அவர் முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். விக்கிரவாண்டியில் பஸ் அதிக நேரம் நிற்கவில்லை.

வார்டில் டின்னைத் திறந்து மூன்று குழாய்களையும் பெரியம்மாவின் கையில் கொடுத்தேன். எது யாருடையது என்று சொல்லவில்லை. அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் எழுதியிருந்தேன். படுத்தபடியே ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். என்னைக் கேட்காமலே மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“நெறம் எறங்கியிருக்குது. எத்தினி மணிக்கு ஊத்துனே?”

“பதினொன்னே கால்.”

“இது காமாலக்காரன்.” மூன்றாவதைத் தனியாக மகளிடம் நீட்டினார். “மத்த ரெண்டும் ஒன்னு. இதுல எவ நானு?”

“ஒன்னு போட்டது நீங்க. ரெண்டு நான்.”

“ஒன்னோடதா?” இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். “வித்தியாசம் இல்லியே.”

“இல்லை பெரியம்மா. உங்க ஈரலும் என் ஈரலும் ஒன்னுதான்.”

மகள் குனிந்து பார்த்தாள். “மாத்தி கீத்தி ஊத்திக்கினு வந்திருப்பா.”

“சும்மாரு. அப்படி ஊத்தறவளா இருந்தா மூணாவது எதுக்குக் கொண்டாறா?” என்று பெரியம்மா அவளை அடக்கினார். பிறகு என்னிடம், “அப்ப அந்தச் செவப்பு? என்னுது மட்டும் கூட இருக்குன்னியே?”

“அது எலும்புலேருந்து வர்றது.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“அன்னிக்கு எனக்குத் தோணலை. படிச்சிருந்தேன். தோணியிருக்கணும்.”

குழாய்களை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மகளைப் பார்த்து, “பக்கத்துக் கட்டுலுக்கு முட்ட வாங்கியாந்தானே, எங்கருந்துன்னு கேளு” என்றார். மகள் அழுதுகொண்டே போய் வாங்கி வந்தாள். உப்பு போட்ட முட்டையை முப்பத்தேழு நாளைக்குப் பிறகு அவர் தின்றதை நான் நின்று பார்த்தேன். பாதியில் நிறுத்தி, தலைக்கு ஏதாவது ஏறுகிறதா என்று கவனிப்பது போலக் கண்ணை மூடினார். பிறகு மீதியையும் தின்றார். அன்று சாயங்காலம் ஊசிக்குக் கையைக் கொடுத்தார் என்று நர்ஸ் சொன்னாள்.

அதோடு எனக்கு நிம்மதி வந்துவிடவில்லை. அடுத்த வாரங்களில் எங்கள் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வரிசை எழுதினேன். ஐம்பதைத் தாண்டிய பெண்கள். அந்த ஒரு வரி மட்டும் கூடுதல். ஈரலின் மற்ற வரிகள் எல்லாம் சரி. ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கத்துக்குப் போயிற்று. முகவரி என்று பார்த்தால் கண்டமங்கலம், திருவக்கரை, செஞ்சி என ஊர் மட்டும்தான் இருந்தது. அவர்களை அனுப்பிய டாக்டர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினேன். எங்கள் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். இரண்டு பதில் வந்தது. ஒன்றில் நன்றி. மற்றதில், எண்ணைக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது என்று இருந்தது. மற்றப் பெண்கள் எந்தப் படியில், எந்தப் பாயில் இருக்கிறார்களோ தெரியாது. இன்றும் தெரியாது.

ஐந்தாம் மாதம் பெரியம்மாவை எழுப்பி நிறுத்தினார்கள். ஒடிந்த கால் சேர்ந்திருந்தது. ஆனால் அரை அங்குலம் குட்டை. இடது தொடையில் இருந்த கோடு மங்கிக்கொண்டே போய், அந்த மாதப் படத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கம்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தார். திரும்பி வரும்போது மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. பார்க்கவில்லையோ என்னவோ.

இனிமேல் வேலைக்கு வர முடியாது. கூட்டேரிப்பட்டுக்குப் போய் மகள் வீட்டு வாசலில் வெயிலில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். பஞ்சையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையை நீட்டினார். நான் நரம்பைத் தேடும்போது மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“எடு. ஆனா எதுக்கு எடுக்கறே, என்னா வந்தா என்னா அர்த்தம்னு மொதல்ல சொல்லிட்டு எடு.”

சொன்னேன். சுண்ணாம்புச் சத்து இது, எலும்பின் நொதி இது, இது ஏறினால் இப்படி, இறங்கினால் அப்படி. நடுவில் இரண்டு இடத்தில், இது எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்த பிறகுதான் என் மணிக்கட்டை விட்டார்.